எனலாம் என்றொருத்தி

என் ஓரகத்தி எதையும் ஒரேயடியாகச் சொன்னவள் இல்லை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நிற்பாள். "வெளியில மழையா?" என்று கேட்டால், "மழைன்னு சொல்லலாம் அக்கா" என்பாள். அவள் பிறந்த உடனே குழந்தை அழுததா என்று மருத்துவச்சியை யாரோ கேட்க, குழந்தையே திரும்பிப் பார்த்து 'அழுததாகக் கொள்ளலாம்' என்று பதில் சொன்னதாக நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவளிடமே போய்க் கேட்டார்கள். "இருக்கலாம்" என்றாளாம்.

என் கணவரின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்தபோது, அந்த வீட்டு மருமகள் உத்தியோகத்தில் எனக்குச் சில வருட சர்வீஸ் ஆகியிருந்தது. கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் கப்பல் மாதிரி ஒரு மேசை. சாப்பாடு, இஸ்திரி, சண்டை, சமாதானம் எல்லாம் அதன் மேல்தான். மேசையின் தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது மந்தம் என்பார்கள். தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் மூன்று சுவர் தாண்டிக் கேட்கும்.

அவள் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். சுவரைப் பார்த்த ஜன்னல், பச்சைத் துணி விரித்த மேசை, சுருள் ஒயர் வைத்த கறுப்புத் தொலைபேசி. காலையில் எடுத்த ரிசீவரை மாலையில்தான் வைப்பாள். அதையே அழுத்தி அழுத்தி அவளுடைய இடது காது வலது காதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது. தோடு வாங்கப் போனால் இரண்டு அளவில் கேட்கவேண்டியிருந்தது. ஊரில் எந்தக் குழாய் வறண்டாலும் திட்டு அந்தக் காதில்தான் விழும். அவள் மாடிக்கு ஓடி அதிகாரியிடம் சொல்வாள். அவர் தலை நிமிராமல், "பாக்கலாம்னு சொல்லும்மா" என்பார். இறங்கி வந்து, "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்பாள். அந்த அதிகாரியின் மேசையிலிருந்து ஒரு கோப்பு நகர்ந்ததைக் கண்ணால் கண்டவர் ஒருவர் இருந்தாராம். அதிர்ச்சியில் அவர் பேச்சை இழந்துவிட்டதால் உறுதிப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் அந்த வேலையில் பைத்தியம் பிடித்திருக்கும். இவளுக்கு ஆராய்ச்சி பிடித்தது. மாலைக் கல்லூரியில் சேர்ந்து தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்துக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டும். 'மறுக்காமல் மறுத்தல்' என்று தலைப்பு வைத்தாள். 'முடியாது' என்ற சொல்லைத் தொடாமலேயே நம் ஆட்கள் எப்படி முடியாது என்கிறார்கள் என்பதுதான் விஷயம். "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு." "சொல்லி அனுப்பறேன்." "நாளைக்கு வாங்களேன்." எல்லாவற்றுக்கும் ராஜா, "பாக்கலாம்." சரக்குக்குப் பஞ்சமே இல்லை. தொலைபேசி வழியாகவே கொட்டிக்கொண்டிருந்தது.

இதில் வெறும் மதிப்பெண் மட்டும் இல்லை. கல்லூரித் தமிழ்த் துறையில் வருஷா வருஷம் ஓர் ஆய்வு மலர் போடுவார்கள். அதில் மாணவர் கட்டுரை ஒன்றே ஒன்றுக்கு இடம். யாருடைய கட்டுரை வருகிறதோ அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. பல்கலைக்கழகம் இருந்தது ஒரு பகல் ரயில் தூரத்தில். கொழுந்தன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. எந்த ஊரிலிருந்தாலும் அதே பை, அதே டை. போவதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டுமென்றால், அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அதிலிருந்துதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

எழுதி முடித்தபோது கட்டுரை தலையணை கனத்துக்கு இருந்தது. மலரில் போட அதில் பாதிதான் இருக்கலாம் என்று விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த மேசையைத் துடைத்துவிட்டுத் தாள்களைப் பரப்பி, "அக்கா, கொஞ்சம் கேக்கறீங்களா?" என்றாள். நானும் ஒரு காலத்தில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவள்தான். எனக்கு மட்டும் கசக்குமா?

"படி."

"மொழி என்பது மனிதர் தம் கருத்துகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் இன்றியமையாத கருவியாகும் எனலாம்…"

"நிறுத்து. இல்லைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை அக்கா."

"அப்ப யாருக்கு இந்தப் பதில்?"

"முன்னுரைன்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கடன் கேக்கப் போறவ, பூமி எப்படி உருண்டையாச்சுன்னா ஆரம்பிப்பா? கிண்ணத்தை நீட்டுடி!"

முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் அதன் பின்னாலேயே போயின. நாலாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி வந்தது: ‘"தண்ணி வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்கம்மா, பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்று தொலைபேசியில் ஒருவர் கெஞ்சினார்.’ நான் கையைத் தூக்கினேன். அவளும் நிறுத்திவிட்டாள். கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்தது முழுக்கத் தொண்டையைக் கனைத்த சத்தம்.

அப்புறம்தான் பெரிய நோய் கண்ணில் பட்டது. வரிக்கு வரி 'எனலாம்'. அது இல்லாவிட்டால் 'என்று கூறலாம்'. அதுவும் இல்லாவிட்டால் 'எனக் கருத இடமுண்டு'. ஒவ்வொரு எனலாமுக்கும் கரண்டியால் தட்டில் ஒரு தட்டுத் தட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள், "சோத்துக்கு எவடி இப்படிப் பறக்கறது?" என்று மாமியார் சத்தம் போட்டார். கீழே சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்து, "அக்கா, என் பெடல்லேர்ந்து சத்தம் வருதுன்னு நல்லா இருந்த வண்டியை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டேன். என்னதான் பண்றீங்க?" என்றார். கட்டுரை திருத்துகிறோம் என்றேன். எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படிப்பு அதிகமானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

கொழுந்தன் அன்றைக்கே அவளுக்கு 'எனலாம்' என்று பெயர் வைத்துவிட்டார். "ஏ எனலாம், டீ கிடைக்குமா?" "கிடைக்கலாம்." அவர் குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் பசை வாசனை வருகிறது. இப்போதெல்லாம் ஒரு பத்தியை மேலே தூக்கி வைக்க விரல் நுனி போதும். அப்போது கத்தரிக்கோல் வேண்டும். பத்தி பத்தியாக வெட்டி, மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி, "இது அதுக்கு முன்னாடி", "இல்லை, அது இதுக்கு அம்மா" என்று இடம் மாற்றி, வேறு தாளில் பசை போட்டு ஒட்டுவோம். மின்விசிறியைப் போட்டால் மேற்கோள்கள் பறக்கும். போடாவிட்டால் நாங்கள் வேர்த்து ஒழுகுவோம். தட்டுக்கு அடியில் அடிக்குறிப்பு, டம்ளருக்கு அடியில் ஆய்வு முன்னோடிகள். ஒருநாள் கொழுந்தன் அவசரமாகச் சாய்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நாற்காலிச் சாய்வில் காயப் போட்டிருந்த 'முடிவுரை' அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அன்று அவர் பார்த்த டாக்டர்களெல்லாம் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிப் படித்தார்களாம். ஒருவர் மட்டும், முடிவுரையில் புதுச் சான்று கொடுக்கக்கூடாது என்று கருத்துச் சொல்லி அனுப்பினாராம். இதைக் கொழுந்தன் மறுத்ததே இல்லை. கேட்டால் சிரிப்பார்.

எப்படியோ கட்டுரை பாதியானது. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து அவளே தட்டச்சு செய்தாள். கொண்டுபோய்த் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் மேசைமுன் உட்கார்ந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னடி சொன்னார்?"

"பார்க்கலாம்னார்."

எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. கொழுந்தனுக்கு உடனே உறைத்தது. "ஐயையோ!" என்றார்.

"'பார்க்கலாம்' என்பது மறுப்பேயாகும்னு பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன் அக்கா. என் கட்டுரை சரின்னா, எனக்கு வேலை கிடைக்காது. வேலை கிடைச்சா, என் கட்டுரை தப்பு."

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் கொழுந்தன். "வேலைதானே வேணும்?"

"தப்பான கட்டுரைக்கா?"

"எனலாம்னு போட்டிருப்பியே, எப்படி வேணா தப்பிச்சுக்கலாம்."

நான் கார்பன் பிரதியைப் பிடுங்கிப் பார்த்தேன். நெஞ்சு பொறுக்கவில்லை. நாங்கள் மேசைமேல் வெட்டித் தள்ளிய அத்தனை எனலாமும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"என்னடி இது? தட்டு நெளிஞ்சதுதான் மிச்சமா?"

"டைப் அடிக்கறப்ப பார்த்தேன் அக்கா. அது இல்லாம ஒவ்வொரு வாக்கியமும் வெறுங்கழுத்தோட நிக்கற மாதிரி இருந்துது. கை தானா போட்டுடுச்சு."

திட்ட வாயெடுத்தேன். மாமியார் தலைமாட்டிலிருந்து, "விடுடி, அவ கழுத்து, அவ போட்டுக்கறா" என்றார். காது மந்தம்.

அதற்கடுத்த வாரம் முழுக்க அவள் கட்டுரையைத் தொடவில்லை. அலுவலகத்துக்குப் போனாள், வந்தாள், 'பார்க்கலாம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பல்வலி வந்தவள் மாதிரி முகம் சுளித்தாள். பிறகு ஒருநாள் மதியம், நடுவேலையில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து நான் அடுப்பை அணைத்தேன்.

"அக்கா, அதுல ஆளே இல்லை!"

"எதுல?"

மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள். காலையில் ஒருவர் தண்ணீர் லாரி கேட்டிருக்கிறார். இவள் மாடிக்குப் போயிருக்கிறாள். அதிகாரி வழக்கம்போல், "பாக்கலாம்னு சொல்லும்மா" என்றிருக்கிறார். இவளுக்கு என்ன தோன்றியதோ, "யார் சார் பாக்கறது?" என்று கேட்டுவிட்டாள். குதர்க்கமாக இல்லை; புகார்ச் சீட்டில் எழுதிக்கொள்ளத்தான் கேட்டாளாம். அதிகாரி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "யாருன்னா… பாக்கலாம்மா." "அதான் சார், யாரு?" அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் பார்க்கக்கூடியவர் ஒருவரும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

"'பாக்கறேன்'னு சொன்னா, பாக்கற ஆள் அந்தச் சொல்லுக்குள்ளயே உக்காந்திருக்கார் அக்கா. 'பாக்கறோம்'னா நாலு பேர் இருக்காங்க. 'பாக்கலாம்'ல யாருமே இல்லை! நானும் பாக்கலாம், நீங்களும் பாக்கலாம், சுவரும் பாக்கலாம். சொன்னவர் சொல்லும்போதே எழுந்து வெளியில போயிடறார். அது மறுப்பு இல்லை அக்கா. நான் எழுதினது தப்பு. அது ஆள் இல்லாத நாற்காலி. யாராவது வந்து உக்காந்தா நடக்கும், இல்லைன்னா நடக்காது."

"சரி, நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஏன் ஓடி வந்தே?"

அவள் கார்பன் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். "எனலாம்," என்றாள். "யாரு?"

நான் கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டேன்.

அதற்கு அப்புறம் திருத்தியது முழுக்க அவள்தான். கரண்டிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதிக்கொண்டே போனாள். 'கருதப்படுகிறது': யார் கருதுகிறார்? ஒருவரும் இல்லையா, வெட்டு. 'பரவலாகக் காணப்படுகிறது': யார் கண்டார்? அவள்தான் என்றால், எத்தனை பேரிடம் கண்டாள்? அதைச் சொல். பாதி வாக்கியங்கள் இந்தக் கேள்வியிலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. நிமிர்ந்து நின்றவை நன்றாகவே நின்றன.

நாலாம் பகுதியில் ஓர் அருமையான உதாரணம் இருந்தது. பெண் கேட்டு வந்த வீட்டாரிடம் ஒருவர் 'பார்க்கலாம்' என்று சொல்ல, அவர்கள் திண்டாடிப்போய், பதிலுக்காக அந்த வீட்டு வாசலிலேயே குடித்தனம் தொடங்கிப் பேரன் எடுத்த கதை. அவள் அங்கே வந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது யாரு?"

"எனக்குத் தெரிஞ்ச குடும்பம்."

"எந்தத் தெரு?"

"அவங்க இப்ப அங்க இல்லை."

"இது உங்க அளப்புதானே?"

சரக்கென்று கோடு போட்டாள். அந்தச் சம்பவம் நடந்திருக்கவேண்டிய சம்பவம். நடக்காமல் போனது அதன் குற்றம், என் குற்றமில்லை.

கடைசியில் மிஞ்சியது கட்டுரையின் மைய வாக்கியம் ஒன்று. 'பார்க்கலாம் என்பது மறுப்பன்று. பொறுப்பேற்பவர் இல்லாத ஒப்புதல்.' அதை எப்படி முடிப்பது என்று அவள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கட்டுரைகளில் அந்தக் காலத்தில் 'நான்' வரக்கூடாது. 'இவ்வாய்வாளர்' என்று போடவேண்டும். போட்டுப் பார்த்தாள். "இவ் வாய் ஆளா? எந்த வாய்?" என்று கொழுந்தன் எட்டிப் பார்த்துக் கேட்டார். அடித்துவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி மெல்ல எழுதினாள்: 'என்கிறேன்.'

எழுதிவிட்டுத் தாளை ஒரு கை தூரம் தள்ளி வைத்துப் பார்த்தாள். "ரொம்பத் திமிரா தெரியுதா அக்கா?"

"தெரியுது."

"இருக்கட்டும்."

ஆனால் பழைய கட்டுரை துறைத் தலைவர் கையில் அல்லவா இருக்கிறது? மலர் அச்சுக்குப் போகிற நாளும் நெருங்கிவிட்டது. தனியாகப் போனால் வாசலிலேயே திரும்பிவிடுவாள் என்று நானும் கூடப் போனேன். அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது. கேட்காத இடத்தில் நான் உட்காருவேனா?

"ஐயா, நான் கொடுத்த கட்டுரை தப்பு. அதைத் திருப்பிக் கொடுத்துட்டு இதை வச்சுக்கணும்."

"அட, பழசையே மலர்க் குழு பார்த்து ஓரளவு சரின்னு சொல்லிட்டாங்கம்மா! இப்பப் போய் மாத்தினா திரும்பக் குழுவுக்குப் போகணும். நேரம் இல்லை. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போனாலும் போயிடும்."

பேசாமல் வாயை மூடிக்கொண்டு வந்தால் வேலை கையில். எனக்கு எழுந்து போய் அவளை இழுத்து வந்துவிடலாமா என்றிருந்தது.

"பழசைப் போட வேணாம் ஐயா," என்றாள். "அதுல இருக்கறது உண்மை இல்லை."

"சரி, வச்சிட்டுப் போம்மா. பார்க்கலாம்."

"யார் பாக்கறது ஐயா?"

நாற்காலி கிரீச்சிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்டதாக நான் சொல்வேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

"என்னம்மா?"

"கோபமா கேக்கலை ஐயா. கட்டுரையே அதுதான். நீங்க பாக்கறீங்களா, குழு பாக்குமா, இல்லை யாருமே பாக்க மாட்டீங்களா? எதுவா இருந்தாலும் சரி. தெரிஞ்சா போதும்."

தாள் புரளும் சத்தம். நின்று நின்று புரண்டது. நடுப்பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றது. பிறகு அந்த மனிதர் சிரித்தார். இருமலோ என்று முதலில் பயந்துவிட்டேன்.

"நான் பார்க்கிறேன்," என்றார். "இன்னைக்கே குழுகிட்ட நானே கொண்டுபோறேன். அவங்க ஒத்துக்காம போகலாம். அதுக்கு நான் பொறுப்பு இல்லை."

"அது போதும் ஐயா."

குழு ஒத்துக்கொண்டது. ஒருவர் மட்டும் 'என்கிறேன்' என்பதை மாற்றச் சொன்னாராம். அவள் மாட்டேன் என்றாளாம். மலரில் அது அப்படியே வந்தது. வேலை உத்தரவும் வந்தது. புகார்ப் பிரிவில் கடைசி நாள் மாடி அதிகாரியிடம் சொல்லிக்கொள்ளப் போனாளாம். அவர் இவளைக் கண்டதும் மின்விசிறியைப் பார்த்தாராம்.

சாமான் ஏற்றின நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மெத்தைச் சுருட்டு, கயிறு கட்டிய புத்தகங்கள். மேசையை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்றேன், வாசலில் நுழையவில்லை. முதலில் எப்படி உள்ளே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. மேசையைச் சுற்றி வீடு கட்டியிருப்பார்கள் போல. மாமியார் அவளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, அழுகையை மறைக்கக் கொழுந்தனை எதற்கோ திட்டினார். என் கைகள் பழக்கதோஷத்தில் மேசையிலிருந்த பசைத் துணுக்குகளைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"அடிக்கடி வருவியாடி?" என்றேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். எல்லோரும் கேட்பதுதான். அதற்கு ஒரு பதிலும் உண்டு, 'அதுக்கென்ன அக்கா, நினைச்சா வந்துட்டாப் போச்சு' என்று. அவள் கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கும்.

அவள் யோசித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை அக்கா. அடிக்கடி வர மாட்டேன். தூரம். வேலையும் புதுசு. வருஷத்துக்கு ஒருதடவை வருவேன்."

அப்படி நறுக்கென்று என்னிடம் அதுவரை யாரும் பேசியதில்லை. பெரியவளாயிற்றே, திருப்பி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெட்டவோ சேர்க்கவோ அவள் பதிலில் ஒரு சொல்லுக்கும் இடமில்லை. "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு" என்றேன். "பண்றேன்" என்றாள். பண்ணினாள்.